நீந்த ஒரு கரை, பவளம் பார்க்க ஒரு கரை

தீவுக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது நிழற்படங்களைத்தான். பச்சையும் நீலமும் கலந்த நீர், வெண்மணல், கடலை நோக்கிச் சாய்ந்த தென்னை ஆகிய மூன்றும் படத்தில் இருந்துவிட்டால், அங்கே அச்சமின்றி நீந்தலாம் என்றும், நீருக்குள் முகத்தை வைத்தவுடன் பவளமும் மீன்களும் தெரியும் என்றும் நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். எங்கள் குடும்பத்துக்காகப் பல தீவுகளைப் பற்றிப் படித்தும், போய்வந்தவர்களிடம் கேட்டும், சிலவற்றை நேரில் பார்த்தும் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. நல்ல நீச்சல் கரையும் நல்ல பவளக் கரையும் பெரும்பாலும் ஒரே கரையாக இருப்பதில்லை. ஒரு கரையில் இரண்டையும் தேடுபவர்கள், இரண்டும் அரைகுறையாகக் கிடைத்துத் திரும்புகிறார்கள். எந்தத் தீவு என்று கேட்பதற்கு முன், அந்தத் தீவின் எந்தப் பக்கம், எந்த மாதம், எந்தத் திதி என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

புதுச்சேரியிலேயே கடல் இருக்கும்போது எதற்காக இத்தனை தூரம் என்று உறவினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புதுச்சேரிக்காரர்களான நாம் கடலோடு பழகும் விதமே வேறு. மாலையில் கடற்கரைச் சாலையில் நடப்போம், காந்தி சிலையருகே கற்கள் மீது அமர்ந்து காற்று வாங்குவோம், கால் நனைப்போம். அதற்கு மேல் இறங்குவதைப் பெரியவர்கள் ஒருபோதும் ஊக்குவித்ததில்லை, அதற்குக் காரணமும் உண்டு. நம் கரை சட்டென்று ஆழமாகிறது. அலைகள் வெகு தொலைவில் உடைந்து அடங்கி வராமல், கரைக்கு மிக அருகில் வந்து ஓங்கி உடைகின்றன. உடைந்த நீர் திரும்பிப் போகும்போது, அலைகளுக்கு இடையே ஓரிடத்தில் ஒன்றுகூடி வேகமாக உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பில் சிக்கிய வெளியூர் இளைஞர்களைப் பற்றிய செய்தி, இங்கிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் வரை, ஆண்டுதோறும் நாளிதழ்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர வேண்டிய மணலைத் தடுத்ததால், நகரத்தின் முன்னே இருந்த மணற்கரையே அரித்துப் போய்க் கருங்கல் அணையாக மாறியது. 2018இல் நீருக்குள் அமைக்கப்பட்ட செயற்கைத் தடுப்பு ஒரு பகுதி மணலை மீட்டுத் தந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அந்த மணல் நடப்பதற்கும் அமர்வதற்கும் உரியது. பிள்ளைகளை நீந்த விடுவதற்கான இடமாக அதை நான் கருதவில்லை.

பவளம் நம் கரையோரத்தில் வளராததற்கும் எளிய விளக்கம் உண்டு. பவளம் என்பது மிகச் சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து கட்டும் சுண்ணாம்புக் கூடு. அந்த உயிரிகளின் உடலுக்குள் பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு அந்தப் பாசி செய்யும் உணவில்தான் பவளம் பெருமளவு உயிர் வாழ்கிறது. ஆகவே அதற்கு வெதுவெதுப்பான உப்பு நீரும், வெயில் அடிவரை இறங்கும் தெளிவும் வேண்டும். தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும் வண்டலும் இந்த இரண்டையும் கெடுத்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கடல் செம்பழுப்பாகக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரிய ஆறுகள் இல்லாத, நிலப்பரப்பிலிருந்து விலகிய தீவுகளைப் பவளம் விரும்புவது இதனால்தான்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பவளம் நன்றாக வளர்ந்த இடத்தில், கரையிலிருந்து சிறிது தூரம்வரை பவளத் தரை மேடாகப் பரந்து கிடக்கும். நீர் ஏறியிருக்கும்போது அதன் மேல் இடுப்பளவு நீர் நிற்கலாம். வற்றிவிட்டால் கணுக்கால் அளவுகூட இருக்காது. அங்கே நீந்தினால் முழங்கால் கிழியும், நடந்தால் பாதமும் பவளமும் சேர்ந்து நொறுங்கும், இடுக்குகளில் உடலெங்கும் முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகளும் உண்டு. மாறாக, கால் புதையும் மணல் நெடுந்தூரம் சரிந்து செல்லும் கரையில் நீந்துவதற்குத் தடையே இல்லை. ஆனால் அலை மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் நீர் கலங்கும், பவளம் பற்றிக்கொள்ளக் கெட்டியான தரையும் இராது. ஒன்றுக்கு நல்லதாக அமைந்தது மற்றொன்றுக்குத் தடையாகிவிடுகிறது.

அந்தமானின் ஸ்வராஜ் தீவு, அதாவது 2018வரை ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட தீவு, இதைக் கண்முன் காட்டுகிறது. அதன் மேற்குக் கரையில் உள்ள ராதாநகர், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உலக அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. அகன்ற மணல், மெதுவான சரிவு, பின்னால் ஓங்கி நிற்கும் காடு என அதன் அழகைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நீந்துவதற்கு நான் அறிந்த இந்தியக் கரைகளில் அதற்கு முதலிடம் தருவேன். ஆனால் நீருக்குள் பார்க்க உதவும் முகக்கண்ணாடி அணிந்து அங்கே இறங்கினால் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்கலாம். அதே தீவின் எலிபெண்ட் கடற்கரைக்குப் படகிலோ காட்டுப் பாதையிலோ போனால், கரைக்கு அருகிலேயே பவளமும் கிளிமீன்களும் கிடைக்கும். ஆனால் படகுகளும் கூட்டமும் நிறைந்த அந்தச் சிறிய கரையில் நீட்டி நீந்த முடியாது. கிழக்குப் பக்கத்து விஜயநகர் கரையோ, நீர் வற்றிய நேரத்தில் பாறையும் பவளத் துண்டுகளுமாக வெகுதூரம் வெளியே தெரியும். விடுதியின் விளம்பரத்தில் அதே கரை நீர் நிறைந்த நேரத்தில் எடுக்கப்பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் திதி வருகிறது. புதுச்சேரிக் கரையில் நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், நம்மில் மீனவர் அல்லாதோர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தமானில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் அது ஏறத்தாழ இரண்டு மீட்டரைத் தொடுகிறது. அந்த நாட்களில் நீர் மிக உயர ஏறி மிகத் தாழ வற்றும், ஓட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமியையும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களையும் ஒட்டி ஏற்றம், வற்றம் இரண்டுமே அடங்கியிருக்கும். பவளத் தரையின் மேல் நாள் முழுவதும் ஓரளவு நீர் நிற்கும், இழுப்பும் குறையும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், ஒவ்வொரு நாளும் நீர் ஏறும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது. எனவே காலை ஒன்பது மணிக்கு நீர் நிறைந்திருந்ததாக நண்பர் சொன்ன அதே கரைக்கு ஒரு வாரம் கழித்து அதே ஒன்பது மணிக்குப் போனால், நீர் வற்றிக் கிடப்பதைத்தான் பார்ப்போம். இருவர் சொல்வதும் உண்மை, நாள்தான் வேறு. பவளம் பார்ப்பதற்கு, நீர் ஏறி முடியும் தறுவாயில் இறங்குவது நல்லது. அப்போது வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும், பவளத்துக்கும் நம் வயிற்றுக்கும் இடையே போதிய இடைவெளியும் இருக்கும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில், அதாவது கடல் நீரின் ஏற்ற, வற்ற அட்டவணையில், துறைமுகவாரியாக நேரங்கள் கிடைக்கின்றன. அதையும் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே தேதி ஓரளவு அமைந்துவிடும்.

திதிக்கு அடுத்தது காற்று. வைத்திக்குப்பத்திலோ வீராம்பட்டினத்திலோ வயதான மீனவர் ஒருவரிடம் பேசினால், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரைச் சொல்லித்தான் கடலின் குணத்தைச் சொல்வார். கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் நம் கரையில் நீர் கொந்தளித்துக் கலங்கும். மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவதால் கரையோர நீர் அடங்கியிருக்கும். நம் கரைக்கு இருப்பது ஒரே முகம். தீவுக்கோ எல்லாத் திசைகளிலும் முகம் உண்டு என்பதால், எந்தக் காற்றுக் காலத்திலும் ஏதோ ஒரு பக்கம் மறைவாக இருக்கும். அந்த மறைவுப் பக்கத்தைக் கண்டுபிடிப்பதே தேர்வின் பாதி வேலை. வடகிழக்குக் காற்று வீசும் ஜனவரி, பிப்ரவரியில் மேற்கு நோக்கிய ராதாநகர் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அதே கரையில் பேரலைகள் எழும்.

இலங்கையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து சில நிமிடப் படகுப் பயணத்தில் அடையக்கூடிய அந்தச் சிறு தீவைச் சுற்றி, கறுப்பு நுனித் துடுப்புடைய சிறிய சுறாக்கள், மனிதருக்குத் தீங்கு செய்யாமல், ஆழமற்ற நீரில் சுற்றித் திரிவதைக் காணலாம். ஆனால் போக வேண்டியது மே முதல் செப்டம்பர் வரை. நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் அங்கும் அதே காற்றும் மழையும்தான். டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் கொந்தளிக்கும் கடலைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வர நேரும். தமிழ் பேசும் ஊர், ஓத வேறுபாடு மிகக் குறைவு, நிலாவெளியின் நீண்ட மணற்கரையில் நீச்சல், எதிரே தீவில் பவளம் என்று எல்லாம் பொருந்தி வருவதால், கோடை விடுமுறையில் போகக்கூடியவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

நீச்சலும் பவளமும் ஓரிடத்தில் சேரும் விதிவிலக்கு ஒன்று உண்டு. அது பவளத் தீவுகளின் உட்கடல். வெளியே பவள மேடு வேலியாக நின்று அலையை உடைத்துவிடுவதால், அதற்கும் கரைக்கும் இடையிலான நீர் குளம்போல் அமைதியாக இருக்கிறது. அடியில் மணலும், அங்கங்கே பவளத் திட்டுகளும் இருக்கின்றன. லட்சத்தீவும் மாலத்தீவும் இந்த வகையைச் சேர்ந்தவை. கடலின் அமைப்பை மட்டும் வைத்து மதிப்பிட்டால் லட்சத்தீவின் கட்மத், அகத்தி, பங்காரம் ஆகியவற்றுக்கு நிகராக நம் நாட்டில் வேறு இல்லை. ஆனால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற வேண்டும், தங்குமிடங்கள் மிகக் குறைவு, கொச்சியிலிருந்து கப்பலில் இரவு முழுவதும் போக வேண்டும் அல்லது அகத்திக்கு விமான இடம் கிடைக்க வேண்டும். முதியவருடன் செல்லும் எங்களுக்கு இது இப்போதைக்கு ஒத்துவரவில்லை. மாலத்தீவில் இந்தியர்களுக்கு வந்திறங்கியவுடன் விசா கிடைக்கிறது. மக்கள் வாழும் தீவுகளில் எளிய விடுதிகளும் உள்ளன. செலவு மட்டுமே தயக்கம்.

மன்னார் வளைகுடா அருகிலேயே இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த நெடுங்காலச் சூறையாடலுக்குப் பின் அவை மெல்ல மீண்டு வருகின்றன. அந்தத் தீவுகளில் நினைத்தபடி இறங்கி விளையாட அனுமதி இல்லாதது எனக்குச் சரியாகவே படுகிறது.

பாதுகாப்பு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தமானில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. 2010இல் ராதாநகர்க் கரையின் ஒரு கோடியில் உள்ள ஒதுக்குப்புறமான உப்பங்கழிப் பகுதியில், நீருக்குள் படம் எடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரை முதலை கொன்றது. இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. ஓடை வந்து சேரும் முகத்துவாரம், அலையாத்திக் காட்டின் ஓரம், அந்தி மங்கிய நேரம் ஆகிய மூன்றையும் தவிர்த்து, உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள் நீந்தினால் போதும். அழகான தனிமையைத் தேடி எல்லையைத் தாண்டிப் போகாதீர்கள் என்று என் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்பதையும் போகும் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

வழக்கமான உடையிலேயே கடலில் இறங்கலாம் என்ற கருத்தை நம் பெண்கள் விட்டுவிட வேண்டும். சுடிதாரும் துப்பட்டாவும் நீரில் நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றும். உடலோடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் நீளமான கால்சட்டையும் கொண்ட நீச்சலுடை இப்போது எளிதாகக் கிடைக்கிறது. உடல் மறையும், நீந்தவும் தடையிராது, குப்புற மிதக்கும்போது முதுகும் வெந்து போகாது. வெயில் களிம்பை நம்பி மேனியெங்கும் பூசிக்கொண்டு பவளத்தின் மேல் மிதப்பதைவிட இது எவ்வளவோ மேல். சில வேதிப்பொருள்கள் கலந்த களிம்புகளைப் பவளத்தின் நலன் கருதி ஹவாயும், பசிபிக் தீவு நாடான பலாவுவும் தடை செய்திருக்கின்றன.

முகக்கண்ணாடியைப் படகுக்காரர் கொடுத்தபடி வாங்கிக்கொள்ளாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்தால், அது தானாக ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நீர் புகும். அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டின் வழியே கசிவு வரும் என்பதால், விளிம்புக்குக் கீழே உள்ள மயிரையாவது கத்தரித்துக்கொள்வது நல்லது. என் கணவர் அதற்கு நெடுநேரம் யோசித்தே இசைந்தார். நீச்சல் தெரிந்தவர்களும் முதல் நாள் மிதவைச் சட்டையுடன் இறங்குவதே என் விருப்பம். குழாய் வழியே மூச்சு விடப் பழகும்வரை பதற்றம் வரும். பதற்றத்தில் கால் ஊன்ற இடம் தேடுபவர்கள் பவளத்தின் மேல் நின்றுவிடுகிறார்கள். ஒரு விரல் நீளம் வளர அதற்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

கடல் சூடேறும்போது பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் தீவுகளில் அது பெருமளவில் நடந்தது. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. பழைய படங்களின் வண்ணம் இன்று எல்லா இடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2004 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் சில பகுதிகள் மேலெழுந்து பவளம் நீருக்கு வெளியே காய்ந்து மடிந்ததையும், 2024வரை போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் பக்கம் நிலம் தாழ்ந்ததையும் அறிந்தால், அதே நாளில் கடலூரும் புதுவையும் கண்ட சுனாமியும் அந்த நிலநடுக்கத்தில் எழுந்ததுதான் என்பது நினைவுக்கு வரும். மீனுக்கு ரொட்டித் துண்டு போடுவதும், கரையில் கிடக்கும் பவளத் துண்டை நினைவுப்பொருளாக எடுத்து வருவதும் வேண்டவே வேண்டாம். பின்னது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

எங்கள் முடிவு இதுதான். பிப்ரவரியில் சென்னையிலிருந்து விமானத்தில் அந்தமான் போகிறோம். ஸ்வராஜ் தீவில் தங்கி, நீச்சலுக்கு ராதாநகர், பவளத்துக்கு எலிபெண்ட் என்று இரண்டு கரைகளையும் தனித்தனியாக வைத்துக்கொண்டோம். பிறகு முன்பு நீல் எனப்பட்ட ஷஹீத் தீவுக்குப் போகிறோம். அங்கே படகுத்துறைக்கு அருகில் உள்ள பரத்பூர் கரையில் நீர் வெகுதூரம் ஆழமின்றி இருப்பதால், நீந்தத் தெரியாத என் மாமியாரும் இடுப்பளவு கடல் நீரில் அமர வேண்டும் என்ற ஆசையை நிறைவேற்றிக்கொள்ளலாம். கண்ணாடி அடித்தளம் கொண்ட படகும் உண்டு என்பதால், முகத்தை நனைக்காமலே அவர் பவளத்தைப் பார்க்கவும் முடியும்.

நாள் குறிப்பதில் மட்டும் சிறு சிக்கல் எழுந்தது. நீர் அடங்கியிருக்கும் அஷ்டமி, நவமியை நான் விரும்பினேன். அந்தத் திதிகளில் பயணம் தொடங்கக் கூடாது என்றார் மாமியார். வளர்பிறைப் பஞ்சமியில் வீட்டை விட்டுக் கிளம்பினால், அஷ்டமிக்குள் ஸ்வராஜ் தீவையும், தசமிக்குள் ஷஹீத் தீவையும் அடைந்துவிடலாம் என்று நாட்காட்டியை அவர் முன் விரித்துக் காட்டினேன். அவரே தேதியை வட்டமிட்டுத் தந்தார். அந்த வாரத்தின் அலை முன்னறிவிப்பை ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் தளத்தில் பார்த்துவிட்டு, எலிபெண்ட் கடற்கரைப் படகை எந்தக் காலையில் எடுப்பது என்பதை அங்கே போய் முடிவு செய்வோம்.